பிளேடும் கையுமாக ஒரு முதலாளியம்மா

அன்று தாராவித் தோல்பைப் பட்டறையில் முதலாளியம்மாவின் மகள், சூப்பர்வைசர் அண்ணாச்சி, தையல்காரர்கள் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். முதலாளியம்மா இறந்து பதினாறாம் நாள்.

"இந்த லைன்ல கம்பெனி நடத்துன முதல் பொம்பளை எங்கம்மா. நீங்களும் ஏதாவது சொல்லுங்க" என்றார் மகள்.

எனக்கு நெற்றியில் ஏற்றிய கண்ணாடியும் கையிலிருந்த பிளேடும்தான் ஞாபகத்துக்கு வந்தன. தையல் கோணினால் தோல்பையைக் கண்ணெதிரே கிழித்துப் போடுவார். கூலியும் கிடையாது.

"பிரிச்சுத் தைக்கேம்மா" என்று ஒருமுறை கெஞ்சினேன்.

"தோல்ல ஊசி போன ஓட்டை மூடாதுலே. ஆம்பளை கம்பெனின்னா சரக்கு வாங்குறவன் தையல் சரியில்லம்பான். எங்கிட்டன்னா பொம்பளைக்கு என்ன தெரியும்பான்" என்றார்.

அதை அப்படியே சொன்னேன். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மா சொன்னது நியாயமாகவே இருக்கட்டும். அதற்கு என் வயிற்றையா கிழிக்க வேண்டும்? வேலை போய்விடுமோ என்ற பயத்தில் இதைக் கேட்கவில்லை. கடைசியாகக் கிழித்த நான்கு பைகளுக்கு எனக்கு இன்னும் வரவேண்டியது அறுநூற்று நாற்பது ரூபாய்.