பார்க்காமல் போட்ட கையெழுத்து

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருடம். காஜா பேராங் வட்டாரத்தில் வீடு வீடாகத் தண்ணீர்த் தொட்டிகளில் கொசுப்புழு பார்ப்பது என் உத்தியோகம். பதினாறு வருடம் புழுவையே பார்த்தவனுக்கு உற்சாகம் எங்கிருந்து வரும்? தொட்டியைத் திறக்காமலே கதவில் தொங்கும் அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கோப்பிக் கடையில் புதிய நாட்டின் கடமைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பேன்.

தையல்காரி லெட்சுமி ஒருநாள் வழிமறித்தாள்.

"அண்ணே, அட்டையில உங்க கையெழுத்து இருக்கு, தொட்டியில புழுவும் இருக்கு. மகளுக்கு நாலு நாளா காய்ச்சல், கண்ணே தொறக்கல. நீங்க பாத்தீங்களா இல்லையா?"

"பாக்கலம்மா."

"அப்புறம் எதுக்குப் போட்டீங்க?"

மகள் எழுந்து உட்கார இரண்டு வாரம் ஆனது.

உற்சாகம் இன்றும் வரவில்லை. ஆனால் வீட்டுக்காரரும் நானும் சேர்ந்து குனிந்து பார்த்த பிறகே கையெழுத்துப் போடுகிறேன். லெட்சுமி வீட்டில் இரண்டு முறை பார்க்கிறேன்.