ஒளித்து வைத்த சர்க்கரை

சிங்காநல்லூரில் ஒரு நரம்பு டாக்டரின் கிளினிக். மூன்று மணி நேரமாக டோக்கனோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் சோமனூர்க்காரர் ஒருவர். அறுபதை நெருங்கும் வயது, தறிச் சத்தத்திலேயே இருந்து பழகியவர்களுக்கு வரும் உரத்த குரல். டவுன் சிண்ட்ரோம் உள்ள அவருடைய தங்கைக்கு நாற்பது வயதிருக்கும், அண்ணன் தோளில் சாய்ந்திருந்தார்.

வாசல் கடையில் டீ வாங்கி வந்தவர், தங்கையின் கப்பில் ஒரு வாய் குடித்துப் பார்த்தார். அவர் முகம் சரியில்லை. கடைக்கே எடுத்துப்போய்த் திரும்பி வந்து, "குடி அம்மணி" என்று நீட்டினார். தங்கை பேருக்கு உதட்டில் வைத்துவிட்டு பெஞ்சில் வைத்துவிட்டார்.

"சக்கரை போட்டுட்டாங்களா?" என்று கேட்டேன்.

"இவளுக்கு மறதி நோய் வந்துபோச்சுங்க. அதுக்கு இனிப்பு ஆகாதுன்னு டாக்டர் சொன்னாருங்க. சக்கரை டப்பாவ ஒளிச்சு வெச்சேன். எங்க வெச்சாலும் தேடி எடுத்துப்போடுவா. தெனமும் சண்டைதானுங்க."

"இப்பவுமா?"

"இல்லீங்க. பத்து நாளாத் தேடறதே இல்ல."

"நல்லதாப் போச்சு, பழகிட்டாங்க" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது.

அவர் குரல் முதல்முறையாகத் தாழ்ந்தது. "நானே எடுத்து அவ கண்ணு முன்னால வெச்சுப் பாத்துட்டேனுங்க. தாண்டித் தாண்டிப் போறா."

டோக்கன் கூப்பிட்டார்கள். "வா கண்ணு" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்.

ஆறிப்போன டீயை எடுத்து வாஷ்பேசினில் ஊற்றினேன். கப்பின் அடியில் சர்க்கரை ஒரு விரல் கனத்துக்குக் கரையாமல் கிடந்தது.