நித்யா சாட்சி சொன்ன புதன்கிழமை: கோவில்பதாகையிலிருந்து செம்பரம்பாக்கம் வரை

வழக்கமாக இந்தப் பக்கத்தில் நான் லீவு நாளில் பஸ் பிடித்துப் போய்வந்த இடங்களைப் பற்றித்தான் எழுதுவேன். கோயில், ஏரி, சந்தை, எங்கே நல்ல டீ கிடைக்கும், எந்த நிறுத்தத்தில் நிழல் இல்லை, இப்படி. இந்த முறை போனது எங்கள் மகள் நித்யா படிக்கும் இடத்துக்கு. செம்பரம்பாக்கம் பக்கம் ஒரு கிறிஸ்தவப் பல்கலைக்கழகம். பெயர் வேண்டாம், ஏன் என்று படித்தால் புரியும். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடுதியில் விட்டிருக்கும் ஆவடி, அம்பத்தூர் பெற்றோர் சிலர் வழி கேட்டு எழுதியிருந்தீர்கள். வழியும் சொல்கிறேன், நடந்ததையும் சொல்கிறேன்.

பொங்கல் லீவு முடிந்து அவள் விடுதிக்குத் திரும்பி ஒரு மாதம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மதியம் போன் செய்தாள். “புதன்கிழமை காலைல சேப்பல்ல நான் சாட்சி சொல்லப் போறேம்மா. நீயும் அப்பாவும் கண்டிப்பா வரணும்” என்றாள். சேப்பல் என்பது அவர்கள் வளாகத்துக்குள் இருக்கும் சிறிய தேவாலயம். எந்த மதத்துப் பிள்ளையானாலும் வாரம் ஒரு காலை அங்கே கூட வேண்டும். அது சேர்க்கும்போதே எங்களுக்குத் தெரியும். ஆனால் சாட்சி என்றால்? கேட்டதற்கு, வந்தால் தெரியும் என்று சொல்லி வைத்துவிட்டாள். குரல் சரியாக இல்லை.

பக்கத்து வீட்டு ரோஸ்லின் அக்கா ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். அவரிடம் கேட்டேன். ஆண்டவர் தன் வாழ்க்கையில் என்ன செய்தார் என்று சபைக்கு முன்னால் எழுந்து நின்று சொல்வதுதான் சாட்சி, ரட்சிக்கப்பட்டவர்கள், அதாவது இயேசுவை ஏற்றுக்கொண்டவர்கள், சொல்வார்கள் என்றார். எனக்கு நல்ல சேதி சொல்வதாகத்தான் நினைத்தார், பாவம். அப்படியென்றால் நித்யா மதம் மாறிவிட்டாள் என்றுதான் எனக்குப் பட்டது.

எங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆடி மாதம் கூழ் ஊற்றுகிற குடும்பம். மாமனார் காலம் வரை வயல் கூலி. இப்போது நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் தகடு வெட்டும் ப்ரஸ் மெஷின் ஓட்டுகிறேன், வீட்டுக்காரர் பாஸ்கர் பட்டாபிராமில் ஒரு பட்டறையில் வெல்டர். நித்யாவை அங்கே சேர்த்ததற்கு முக்கியக் காரணம், காலையில் இரண்டு மணி நேரம் மெஸ்ஸில் வேலை செய்தால் ஃபீஸில் பெரும்பகுதியைக் கழித்துவிடுவார்கள் என்பதுதான். அங்கே சேர்த்தால் மாற்றிவிடுவார்கள் என்று சொந்தக்காரர்கள் சொன்னபோது அவர்கள் வாயை அடைத்தது நான். இப்போது யாருக்கு என்ன பதில் சொல்வது என்று புரியவில்லை. சொந்தக்காரர்களை விடுங்கள். ஒரு வார்த்தை எங்களிடம் சொல்லாமல் பெண் எங்கேயோ போய்விட்டாளே என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். கத்துவார் என்று பார்த்தால் கத்தவில்லை. பரண் மேலிருந்து பழைய டிராவல் பேக்கை இறக்கித் தூசி தட்டினார். எதற்கு என்று கேட்டேன். “அவ துணிமணிய எடுத்துக்கினு வர்றதுக்கு” என்றார்.

புதன்கிழமை காலை ஆறே முக்காலுக்குக் கோவில்பதாகையில் ஷேர் ஆட்டோ பிடித்தோம். ஆவடி பஸ் ஸ்டாண்டுக்கு ஆளுக்குப் பதினைந்து ரூபாய். அங்கிருந்து பூந்தமல்லிக்கு நிறைய பஸ் இருக்கிறது. சாதா பஸ் என்றால் பெண்களுக்கு இலவசம். பத்து கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனால் காலையில் முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். சென்னீர்குப்பத்தை நெருங்கினால் கன்டெய்னர் லாரிகளோடு சேர்ந்து நகர வேண்டியிருக்கும். உட்கார இடம் இருந்தும் அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றார். மடித்த பேக் அவர் கக்கத்தில் இருந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மற்ற பயணங்களில் வழியெல்லாம் போட்டோ எடுப்பேன். அன்று எடுத்த ஒரே போட்டோ கை தவறி அழுத்தியது, என் கால் கட்டைவிரல்.

எனக்கு அவளுக்காகவும் பயம், அவருக்காகவும் பயம். இத்தனை வருஷத்தில் அவர் நித்யாவின் மேல் கை வைத்ததில்லை. அத்தனை பேர் முன்னால் ஏதாவது செய்துவிட்டால்?

பூந்தமல்லியில் டீ குடிக்கலாம் என்றேன், வேண்டாம் என்றார். பெங்களூர் ஹைவேயில் போகும் ஷேர் ஆட்டோ பிடித்தோம், ஆளுக்கு இருபது ரூபாய். நசரத்பேட்டை தாண்டியதும் டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துப் பேச்சுக் கொடுத்தார். கல்லூரி பெயரைச் சொன்னதும், “இன்னாண்ணா, பையும் கையுமா போறீங்கோ, பொண்ண ஹாஸ்டல்ல உடவா?” என்றார். பெண் அங்கேதான் படிக்கிறாள், பார்க்கப் போகிறோம் என்று நான் சொன்னேன்.

“நல்ல காலேஜ்தான்க்கா. பத்து நாளிக்கி முன்ன ஒரு பொண்ணுக்கு மெஸ்ல கை மாட்டிக்கிச்சுன்னு எங்க ஸ்டாண்டு வண்டிலதான் ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போனாங்கோ. சீட்டெல்லாம் ரத்தம். பாவம், இப்ப எப்டி கீதோ.”

நித்யா மெஸ்ஸில்தான் வேலை செய்கிறாள். இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. உடனே போன் போட்டேன், எடுக்கவில்லை. வீட்டுக்காரர் அப்போதுதான் முதல் தடவையாக என்னைத் திரும்பிப் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒரே எண்ணம்தான் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை பேசினாளே, அவளாக இருக்காது. ஆனால் கையில்லாமலும் போன் பேசலாமே. பயந்தவர்களுக்கு என்னவெல்லாம் தோன்றும் என்று பாருங்கள்.

ஹைவேயில் இறங்கி உள்ளே ஒன்றரை கிலோமீட்டர் நடை. ஒரு பக்கம் குடோன்கள், இன்னொரு பக்கம் கல் நட்ட மனைகள். நிழல் கிடையாது, குடை கொண்டு போங்கள். கேட்டில் ஆதார் கேட்டார்கள், பெயர் எழுதிக்கொண்டு விட்டார்கள். சேப்பல் வாசலில் நாங்கள் செருப்பைக் கழற்றப் போக, ஒரு மாணவி, பரவாயில்லை ஆன்ட்டி, போட்டுக்கொண்டே வரலாம் என்றாள். அவர் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தோம். ஒன்பது மணிக்கெல்லாம் இடம் நிறைந்துவிட்டது. பொட்டு வைத்த பிள்ளைகள், பர்தா போட்ட இரண்டு பெண்கள், சிலுவை போட்டவர்கள், பின்வரிசையில் தூங்கி வழியும் பையன்கள். பாட்டு முடிந்து போதகர் பைபிள் வாசித்தார். ஐம்பது வயதிருக்கும், ஒல்லியான மனிதர். பிறகு, இன்றைக்கு மாணவர் சாட்சி, இரண்டாம் ஆண்டு நித்யா என்றார்.

முன்வரிசையிலிருந்து எழுந்து வந்தாள். இரண்டு கையும் முழுசாக இருந்தது. அந்த நிம்மதி ஒரு நொடிதான். நெற்றி காலியாக இருந்தது. நான் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் அவர் மூச்சு விடுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

மைக்கைப் பிடித்துக்கொண்டு நித்யா வரிசை வரிசையாகப் பார்த்தாள். எங்களைத் தேடினாள். பார்த்ததும் ஆரம்பித்தாள்.

“பெனினாவுக்கு மாவு பிசையற மெஷின்ல கை மாட்டின அன்னிக்கு நான் அவ பக்கத்துல இருந்தேன். அவ பேச்சு மும்முரத்துல கைய உள்ள விட்டுட்டான்னு காலேஜ் ரிப்போர்ட்ல எழுதியிருக்காங்க. அது உண்மையில்ல. அந்த மெஷினுக்கு மூடியே இல்ல. சீக்கிரம் வேலை ஆகணும்னு கழட்டி வெச்சு ரொம்ப நாளாச்சு. என்னக் கேட்டப்ப நான் பாக்கலன்னு சொன்னேன். பாத்தேன். அவ வேலையும் போச்சு, ஃபீஸ் சலுகையும் போச்சு, ஊருக்கு அனுப்பிட்டாங்க. இங்க நின்னு சொல்றது பொய்யா இருக்கக் கூடாதுன்னு சொல்லித் தந்தாங்க. அதனால இங்க சொல்றேன்.”

பெனினா அவளுடைய அறைத்தோழி, திருநெல்வேலி பக்கத்துப் பெண். எங்கள் வீட்டுக்கு ஒரு தடவை வந்து சாப்பிட்டிருக்கிறாள்.

யாரோ கீபோர்டு வாசிக்கத் தொடங்கினார்கள், பேச்சை முடிக்கச் சொல்வது போல. போதகர் கையை உயர்த்தி நிறுத்தினார். நித்யா, அவ்வளவுதான் என்று சொல்லி மைக்கை வைத்துவிட்டு இறங்கினாள்.

எனக்கு வந்த பயத்தை எப்படிச் சொல்வது? ப்ரஸ் ஓட்டுகிறவள் நான். மூடி இல்லாத மெஷின் என்றால் என்னவென்று சொல்லித் தர வேண்டியதில்லை. என் கண்ணில் நின்றது பெனினாவின் கை இல்லை, நித்யாவின் கை. தினமும் காலையில் அதே மெஷினில்தானே என் பெண் மாவு போட்டிருக்கிறாள்? அடுத்த பயம் உடனே வந்தது. இதைச் சொன்னவளை இவர்கள் வைத்துக்கொள்வார்களா?

அலுவலகத்துக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. வெளியே பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. நித்யா அப்பா மடியில் இருந்த பேக்கைப் பார்த்து, “அப்பவே தெரியுமாப்பா, என்ன அனுப்பிடுவாங்கன்னு?” என்று கேட்டாள். அவர் அதை எடுத்து பெஞ்சுக்கு அடியில் தள்ளினார். “அது சும்மா கொண்டாந்தேன்” என்றார். பிறகு அவள் தலையில் கை வைத்தார், எடுக்கவில்லை.

உள்ளே இருந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். அதுவே எனக்கு இன்னும் பயமாக இருந்தது. முதலில் தனியாக வந்து சொல்லியிருக்கலாம், ஆராதனை நடக்கும் இடத்தில் இப்படிப் பேசியது நிறுவனத்துக்குக் கெட்ட பெயர், இதன் விளைவுகளை யோசிக்க வேண்டும் என்றார். விளைவு என்ற சொல்லை மறுபடி மறுபடி சொன்னார். வீட்டுக்காரர் கை கட்டி நின்றார். ஒரு கட்டத்தில், “தப்பா சொல்லியிருந்தா அனுப்புங்க சார். நெஜம்னா?” என்று கேட்டார்.

அப்போது போதகர் கதவைத் தட்டிக்கொண்டு வந்தார். மெஸ்ஸுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னார். மதியச் சப்பாத்திக்கு மாவு போட்டுக்கொண்டிருந்தார்களாம், மூடி இல்லாமலே. நிறுத்திவிட்டு வந்தேன் என்றார். விசாரணை வையுங்கள், இந்தப் பெண் சொன்னதை நானும் அங்கே சொல்வேன், கண்ணால் பார்த்தாகிவிட்டது என்றார். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். விசாரணை முடியும்வரை நித்யா மெஸ்ஸுக்குப் போக வேண்டாம், வகுப்புக்குப் போகலாம் என்று முடித்தார்.

கேன்டீனில் மூன்று பேரும் சாம்பார் சாதம் சாப்பிட்டோம். சாப்பிட்டோம் என்று பெயர். பொட்டு எங்கே என்று கேட்டேன். மெஸ் வேலையில் ஸ்டிக்கர் பொட்டு மாவில் விழுந்துவிடும் என்று எடுக்கச் சொல்வார்கள், காலையில் வேலை முடித்து அப்படியே ஓடி வந்தேன் என்றாள். ஏன் எங்களை வரச் சொன்னாய் என்று கேட்டேன்.

“நீங்க உக்காந்திருந்தா பாதில நிறுத்த மாட்டேன்னுதான்.”

கேட்க வேண்டாம் என்று நினைத்தும் என் வாய் சும்மா இருக்கவில்லை. நீ மாறிவிட்டாயா என்று கேட்டுவிட்டேன். அவள் சாதத்தைப் பிசைந்துகொண்டே யோசித்தாள். “தெரியலம்மா. மேல ஏறறதுக்கு முன்ன வேண்டிக்கிட்டேன். யார வேண்டிக்கிட்டேன்னு இப்பக் கேக்காத” என்றாள். வீட்டுக்காரர் தன் அப்பளத்தை எடுத்து அவள் தட்டில் வைத்தார்.

இது நடந்து இரண்டு மாதம் ஆகிறது. விசாரணை நடந்தது. பெனினா திரும்பி வந்துவிட்டாள், சலுகையும் திரும்பக் கிடைத்தது. வலது கையில் இரண்டு விரல் மடங்காது, இடது கையால் எழுதப் பழகுகிறாள். மெஷினுக்கு மூடி போட்டுவிட்டார்கள். நித்யாவை லைப்ரரி வேலைக்கு மாற்றினார்கள். மெஸ் சூப்பர்வைசர் அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாராம். சில பிள்ளைகள் அவளோடு சாப்பிட உட்காருவதில்லையாம். இன்னும் அவள் பெயர் போனில் வந்தால், இரண்டு கையும் நன்றாக இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்கிறேன்.

போகிறவர்களுக்கு: மொத்தமாக ஒன்றே முக்கால் மணி நேரப் பயணம், நடையையும் சேர்த்து. எட்டரைக்குள் பூந்தமல்லியைத் தாண்டிவிடுங்கள். அடையாள அட்டை இல்லாமல் கேட்டில் விட மாட்டார்கள். சேப்பலில் யார் வேண்டுமானாலும் கடைசி பெஞ்சில் உட்காரலாம், யாரும் உங்களை எதுவும் செய்யச் சொல்ல மாட்டார்கள், பாடச் சொல்லவும் மாட்டார்கள். திரும்பும்போது ஹைவேயை ஆள் துணையோடு கடந்து செல்லுங்கள், வண்டிகள் நிற்காது. பிள்ளை படித்துக்கொண்டே வேலை செய்தால், சாப்பிட்டாயா என்று கேட்பதோடு, எந்த மெஷினில் வேலை என்றும் கேளுங்கள். நான் ஒன்றரை வருஷம் கேட்கவில்லை.

இன்னொன்று. எங்கள் கம்பெனியில் என் வரிசையில் கடைசி ப்ரஸ்ஸுக்குப் போன தீபாவளியிலிருந்து மூடி கிடையாது. ஒரு புதுப் பெண்தான் அதை ஓட்டுகிறாள். திங்கட்கிழமை சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னேன். பார்க்கலாம் என்றார், என் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். அதன் பிறகு அவர் என்னிடம் பேசவில்லை. இன்று காலை பஸ் நிறுத்தத்தில் நின்றபோது, உடம்பு சரியில்லை என்று லீவு சொல்லிவிடலாமா என்று இரண்டு தடவை போனை எடுத்தேன். பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.