உலகம் அழிந்தால் அரைப்பேர்

நான் வட்டவளையில் பிறந்து, கொழும்புக்குப் பக்கத்தில் வத்தளையில் குடியேறியவன். இரண்டெழுத்தை மாற்றி ஒன்றை உதிர்க்கவே எனக்குப் பாதி ஆயுள் போய்விட்டது. ஆகவே என்னை அவசரக்காரன் என்று யாரும் சொல்ல முடியாது. பயந்தாங்கொள்ளி என்று சொல்லலாம். என் மனைவி சொல்கிறாள்.

கேஸுக்கும் பெற்றோலுக்கும் நாடே வரிசையில் நின்ற காலத்தில் எனக்குள் ஏதோ ஒரு திருகாணி கழன்று விழுந்தது. பிறகு வரிசைகள் கலைந்து எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும் மனதுக்குள் இன்னும் வெற்றுச் சிலிண்டரை உருட்டிக்கொண்டிருந்தேன். போதாக்குறைக்குக் கைப்பேசியில் ஒரு தாடிக்காரர். பனி கொட்டும் ஏதோ தேசத்தில் குடிசை கட்டிக்கொண்டு, உலகம் அழியும்போது தப்பிக்க எப்படிப்பட்ட ஊர் வேண்டும் என்று தினமும் வகுப்பெடுத்தார். குளிர் வேண்டும். தண்ணீர் வேண்டும். பட்டணம் தொலைவில் இருக்க வேண்டும். கேட்கக் கேட்க எனக்கு ஒரே ஊர்தான் கண்ணில் வந்தது: மலைநாட்டில் என் மனைவி பிறந்த அக்கரப்பத்தனை.

அவள் ஆசிரியை. "உங்க ஊருக்கே மாத்தல் கேட்டுரு. போயிருவோம்" என்றேன்.

பரீட்சைத் தாளிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்: "முதல்ல எங்க அண்ணன் வீட்ல போய் இருந்து பாருங்க. சரிப்பட்டு வந்தா திங்கக்கெழமையே கேக்குறேன்."

அந்த ஊருக்கு யாரும் விரும்பிப் போவதில்லை. கேட்டால் மறுநாளே கொடுத்துவிடுவார்கள். கொடுத்தால் திரும்பி வர வழியில்லை. வத்தளை வீடு, அவளுடைய பள்ளிக்கூடம், கடல்காற்று எல்லாம் என் ஒரு சொல்லில் தொங்கின. சனிக்கிழமை காலையில் நீதிபதியின் மிடுக்கோடு பஸ் ஏறினேன். யார் யாருக்குச் சரிப்பட வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. அது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

மச்சான், அதாவது அவளுடைய அண்ணன், தேயிலைத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கி ஓய்வுபெற்ற கங்காணி. அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், இன்னும் கொழுந்து பறிக்கப் போகிறார். என் பையைத் திறந்து பார்த்தது அக்காதான். தலையில் மாட்டும் டோர்ச், கயிறு, நெருப்புப்பெட்டிக் கட்டு, அடியில் டின்மீன்.

"எதுக்கு தம்பி இம்புட்டு டின்மீனு? சந்தியில கட இருக்கே?"

"இது இப்ப திங்கிறதுக்கு இல்லக்கா. உலகம் அழிஞ்சா திங்கிறதுக்கு."

"அழிஞ்சா மறுநா பெரட்டு இருக்குமா, இருக்காதா? அத மட்டும் சொல்லுங்க."

பெரட்டு என்பது தோட்டத்தில் காலையில் ஆட்களை நிறுத்தி வேலை பிரித்துக் கொடுக்கும் இடம். தாடிக்காரர் அதைப் பற்றி மூச்சே விட்டதில்லை. "தெரியலக்கா" என்றேன்.

"அதுகூட தெரியாமலா அழியப்போவுதுன்னு வந்தீங்க?" என்றபடி டின்களை வெட்டி, வெங்காயம் அரிந்து, சட்டியில் கொட்டிவிட்டார்.

லயம் என்றால் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள். அங்கே எதையும் பூட்டி வைக்கலாம், டின்மீன் வாசனையைப் பூட்ட முடியாது. பக்கத்து வீட்டுக்கு ஒரு கிண்ணம் போனது. அதற்கடுத்த வீட்டுக்கு இன்னொன்று. ஒரு கிண்ணம் அவித்த கிழங்கோடு திரும்பியது. மற்றது ஒரு கேள்வியோடு திரும்பியது: "பாவம், கொழும்பு மாப்பிள்ளைக்கு வேல போயிருச்சா?"

உணவை ஒளித்துவைக்கும் வசதி பூஜ்ஜியம் என்று மனதுக்குள் மதிப்பெண் போட்டேன். அடுத்தது பாதுகாப்பு.

"மச்சான், கொழும்புலேருந்து பசியோட ஒரு கூட்டம் கெளம்பி இங்க வந்தா என்ன செய்வீங்க?"

"எதுல வரும்?"

"பஸ்லதான்."

"இந்த பஸ்லயா? வந்து சேரட்டும், பாப்போம்." சோற்றைப் பிசைந்துகொண்டே என்னைப் பார்த்தார். "இப்பவே ஒரு ஆளு பசியோட வந்து எறங்கல? சோறு போட்டோமா இல்லயா?"

காட்டுமிராண்டிக் கூட்டத்தின் முன்னணிப் படை நான்தான் என்பது அப்போதுதான் தெரிந்தது. கிழங்கில் இன்னொன்றை எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை முகம் கழுவப் பீலிக்குப் போனேன். மலையூற்று மூங்கில் பிளவு வழியே வந்து கொட்டுகிற இடம். தண்ணீர் பட்டதும் என் பற்கள் என்னைக் கேட்காமலே தங்களுக்குள் பேசிக்கொண்டன. தண்ணீர்: உண்டு, தேவைக்கு மேலேயே உண்டு.

மச்சான் மண்வெட்டியைக் கையில் கொடுத்து, லயத்துக்குப் பின்னால் சரிவில் இருந்த மரக்கறித் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். "இந்தப் பாத்திய கொத்திப் போடுங்க, லீக்ஸ் வைக்கலாம்." ஆவேசமாகத்தான் தொடங்கினேன். சற்று நேரத்தில் மண் அப்படியே இருக்க, நான் பொலபொலவென்று ஆகிவிட்டேன். என் வருகையை முழுமனதோடு வரவேற்றவை அட்டைகள் மட்டுமே. பாதிப் பாத்தியில், அட்டைக்கு உப்பு வாங்கிவருகிறேன் என்று அடுப்படிக்குப் போனேன். அங்கே நெருப்பு இருந்தது. அக்கா தேத்தண்ணி கொடுத்தார். உலகம் அழிந்தாலும் அந்த அடுப்பை விட்டு எழுவதில்லை என்று முடிவு செய்தேன்.

பின்வாசலில் மச்சானின் கைப்பேசி அலறியது. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், எப்போதும் லவுட்ஸ்பீக்கர்தான். என் மனைவி.

"என்னண்ணே, எப்பிடி? மாத்தல் கேக்கவா?"

மச்சான் பாத்தியைப் பார்த்தார். திரும்பி, அடுப்போடு ஒட்டிக்கொண்டிருந்த என்னைப் பார்த்தார்.

"அரைப்பேரு" என்றார்.

தோட்டத்தில் சொன்ன வேலையை முடித்தால்தான் முழுப்பேர் விழும். குறைந்தால் அரைப்பேர், சம்பளமும் பாதி. யார் முழு, யார் அரை என்று கண்ணாலேயே எடைபோட்டு வயதானவர் அவர்.

 மறுமுனையில் என் மனைவி உண்மையான வியப்போடு கேட்டாள்: "அரைப்பேரா? அவ்ளோ வந்துருச்சா?"

"ஒன் மொகத்துக்காகப் போட்டேன் தாயி."

"அப்ப நான் மாத்தல் கேக்கலண்ணே."

நான் பாய்ந்து வெளியே வந்தேன். "என்ன மச்சான் இது? நான் ஊரப் பாக்க வந்தேனா, ஊரு என்னயப் பாக்கவா?"

உள்ளேயிருந்து அக்கா சொன்னார்: "ஊரு எங்கயும் போவல தம்பி. நீங்கதான் வந்தீங்க."

அவமானம் வரும் என்று காத்திருந்தேன். அது வரவில்லை. வரிசையில் நிற்காமலே யாரோ நிறைந்த சிலிண்டரை வாசலில் இறக்கிவிட்டுப் போனதுபோல ஒரு நிம்மதிதான் வந்தது. வெளியில் மட்டும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டேன்.

பஸ் ஏற்றிவிட வந்த மச்சான் என் பை நிறைய லீக்ஸைத் திணித்தார். "மீதிப் பாத்தி அங்கயேதான் கெடக்கும் மாப்ள. அழியறதுக்கு ஒரு வாரம் முந்தி வந்தா கொத்தி முடிச்சிரலாம்."

வத்தளையில் மனைவி பையைக் கொட்டிப் பார்த்தாள். "டின்மீன் எங்க?"

"அழிஞ்சிருச்சு" என்றேன்.

தாடிக்காரரை இப்போதும் பார்க்கிறேன், ஆனால் மண்வெட்டி பிடிக்கிற கையை மட்டும். மச்சான் பார்த்தால் அவருக்கும் அரைப்பேர்தான் விழும்.