கிளட்சில் காற்று

என் பைக்கின் முன் பிரேக் கொஞ்சம் தகராறு பண்ணியிருந்தால் அன்றைக்கே எனக்குச் சந்தேகம் வந்திருக்கும். பாழாய்ப்போனது, அது பண்ணவில்லை. சீல்களை மாற்றி, டீ டிகாஷன் மாதிரி ஆகிப்போயிருந்த பழைய ஆயிலை வெளியேற்றி, புது ஆயில் ஊற்றிக் காற்றெடுத்ததும் லீவர் கல்லாக நின்றது. வலது கையால் பிடித்துப் பார்த்துவிட்டு, இந்தத் தெருவில் என்னை விட்டால் ஆள் யார் என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டேன். கிளட்சும் இதே வேலைதான், சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிடலாம் என்றேன்.

என் வண்டியில் கிளட்சுக்குக் கேபிள் கிடையாது. பிரேக்குக்கு இருப்பது போலவே ஹேண்டில்பாரின் இடது பக்கம் ஒரு சின்ன டப்பாவில் ஆயில் இருக்கும். லீவரை அழுத்தினால் அந்த ஆயில் குழாய் வழியாக இறங்கிப் போய் கிளட்சைத் தள்ளும். குழாய்க்குள் காற்று புகுந்தால் தொலைந்தது. லீவரைப் பிடித்திருந்தாலும் வண்டி இழுக்கும், கியர் நியூட்ரலுக்கு வராது.

என் வண்டி அப்படித்தான் இழுத்தது. ஸ்ரீரங்கத்திலிருந்து அரியமங்கலத்துப் பட்டறைக்கு வேலைக்குப் போகும்போது, காவிரிப் பாலத்து நெரிசலில் சட்டென்று முன்னால் பாய்ந்து ஓர் ஆட்டோவின் பின்பக்கம் முட்டிவிட்டது. ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டி, "அண்ணே, கிளட்ச புடிங்கண்ணே" என்றார்.

"புடிச்சுத்தான்யா இருக்கேன்" என்று எரிந்து விழுந்தேன். பிடித்துத்தான் இருந்தேன். அப்படித்தான் நினைத்தேன்.

வண்டி போனால் வேறு வண்டி வாங்கிக்கொள்ளலாம், கை போனால் என் பிழைப்பே போய்விடும். நான் ஃபிட்டர். இடது கை இரும்பை அழுத்திப் பிடித்தால்தான் வலது கை அரத்தால் அராவ முடியும். வேலைக்குப் போவதும் கையால், வேலை செய்வதும் கையால். அதனால் கோளாறு வண்டியில்தான் இருந்தாக வேண்டும். வேறு எங்கேயும் இருக்கக்கூடாது. ஆயுத பூஜைக்குள் சரிபண்ணிவிடுவது என்று உட்கார்ந்தேன்.

காற்றெடுப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் லீவரை நாலைந்து முறை அழுத்திக் கடைசியில் முழுக்கப் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொருவர் கீழே எஞ்சின் பக்கத்து நிப்பிளை ஸ்பேனரால் கொஞ்சம் திறந்தால், அதில் மாட்டிய, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூப் வழியாக ஆயிலும் காற்றுக் குமிழும் பாட்டிலுக்கு வரும். நிப்பிளை மூடிய பிறகுதான் மேலே இருப்பவர் லீவரை விட வேண்டும். அதற்கு முன்னால் விட்டால் வெளிக்காற்றைத் திரும்ப உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். மேலே நான், கீழே மனைவி.

"புடிச்சிருக்கேன், தொற."

திறந்தாள். குமிழ் வந்தது. மறுபடியும் அழுத்தினேன், மறுபடியும் குமிழ். சாப்பாட்டு நேரம் தாண்டியும் குமிழ் வந்துகொண்டே இருந்தது. கீழே சீல் போயிருக்கும் என்று அதை மாற்றினேன். மறுநாள் மேலே டப்பாவுக்குள் இருக்கும் ரப்பர் கிட்டை மாற்றினேன், பிறகு குழாயையே மாற்றினேன். ஸ்பேர் கடைக்காரர் என் முகத்தைப் பார்த்து, "இதுக்கு மேல மாத்த ஒண்ணுமில்லண்ணே, வண்டியத்தான் மாத்தணும்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆயில் ஊற்றும்போது பாட்டில் வேறு கை நழுவி டேங்கின் மேல் விழுந்தது. கிளட்சுக்கும் ஊற்றுவது பிரேக் ஆயில்தான், அது பெயிண்டைத் தின்றுவிடும். தண்ணீர் ஊற்றிக் கழுவுவதற்குள் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு பெயிண்ட் சுருங்கிப் பொரிந்துவிட்டது. பாட்டில் வழவழப்பு என்று அதற்கும் ஒரு காரணம் சொன்னேன்.

"நீ லேட்டா மூடுற. அதான் காத்து ஏறுது."

"நான் எங்கங்க லேட்டா மூடுறேன்? நான் மூடுறதுக்கு முன்னாடியே நீங்க விட்டுடுறீங்க."

"விடல. புடிச்சுத்தான் இருக்கேன்."

அவள் ஸ்பேனரைக் கீழே வைத்தாள். சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். வரவில்லை. "நான் மேல வரேன், நீங்க கீழ வாங்க" என்றாள்.

இடம் மாறினோம். அவள் பிடித்தாள், வலது கையால் நான் திறந்தேன், மூடினேன். கொஞ்ச நேரத்தில் குமிழ் குறைந்தது. பிறகு டியூபில் சுத்தமான ஆயில் மட்டும் வந்தது. இத்தனை நாள் அடம்பிடித்த சனியன் அரை மணியில் அடங்கிவிட்டது.

"நல்லா இருக்குங்க. லேசா வருது" என்று லீவரை அழுத்திக் காட்டினாள்.

எழுந்து போய் நான் பிடித்தேன். பாதி வந்தது. பல்லைக் கடித்து அழுத்தினேன். விரல்கள் நடுங்கின, லீவர் தானாகத் திரும்பிப் போனது. இரண்டு கையாலும் பிடித்தேன், முழுதாக வந்தது. அவள் லீவரைப் பார்க்கவில்லை, என் இடது கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் சதை வற்றிக் குழி விழுந்திருந்தது. எத்தனை நாளாக இருந்ததோ, அப்போதுதான் நானும் பார்த்தேன்.

புத்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் தன் விரல்களை நீட்டி, "நல்லா புடிங்க" என்றார்.

"புடிச்சிருக்கேன் சார்."

அவர் கொஞ்சம் பொறுத்து, "சரி, விடுங்க" என்றார். ஊசி குத்தி, கரண்ட் வைத்து, எல்லா டெஸ்டும் எடுத்தார்கள். நரம்பு வியாதி, போன பலம் திரும்பாது, மருந்தால் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கத்தான் முடியும் என்றார். நான் இடது கையைப் பற்றித்தான் கேட்டேன். அவர் பதில் சொல்லிக்கொண்டே என் வலது கையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மனைவி அதைப் பார்த்துவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு அழக்கூட வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. மாற்றுவதற்கு ஒரு சீல் இல்லையே என்ற ஆத்திரம்.

ஆயுத பூஜை அன்று அவள் வண்டியைத் துடைத்து, டேங்கில் பெயிண்ட் பொரிந்த இடத்தை மறைத்துச் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தாள். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். வருஷா வருஷம் நான் ஸ்டார்ட் பண்ணி, முதல் கியர் போட்டு, பழத்தை நசுக்கிக்கொண்டு தெருமுனை வரை ஒரு ரவுண்டு போய் வருவேன். இந்த வருஷம் எஞ்சினை அணைத்தபடியே நியூட்ரலில் வைத்து, நான் ஹேண்டில்பாரைப் பிடிக்க அவள் பின்னாலிருந்து தள்ளினாள். பழம் நசுங்கியது. வாசலிலிருந்து தெருவுக்கு இறங்கும் சரிவில் வண்டி வேகமாக உருண்டது.

"புடிச்சிருக்கீங்களா?" என்று பின்னாலிருந்து கேட்டாள்.

இடது கை விரல்கள் கிளட்சின் மேல் சும்மா கிடந்தன. வலது கையால் முன் பிரேக்கைப் பிடித்தேன். வண்டி நின்றது.

"புடிச்சிருக்கேன்" என்றேன். அவள் வண்டியைப் பிடித்த கையை எடுக்காமலே முன்பக்கம் எட்டி, என் வலது கை பிரேக்கைப் பிடித்திருப்பதைத் தன் கண்ணால் பார்த்த பிறகுதான் வண்டியை விட்டாள்.