டிராக்டரைக் குளிப்பாட்டிய மாட்டுப் பொங்கல்

அதனால்தான் சொல்கிறேன் கண்ணு, இன்றைக்குச் சாயங்காலம் எல்லாரும் பால் தூக்கோடு நிற்கிற நேரத்தில் அந்தப் பால்காரரைப் பார்த்து, தண்ணீர் கலக்கிறாயா என்று கேட்டுவிடாதே. பால் நீர்த்துப் போயிருக்கிறது, டீ போட்டால் திக்காகவே வரவில்லை என்கிறாய், சரி. எதிர்வீட்டு அம்மாவும் நீயும் பேசி முடிவே கட்டிவிட்டீர்கள், அதுவும் சரி. ஆனாலும் தண்ணீர் எந்த வழியாகப் போனது என்று பார்க்காமல் ஒரு மனிதரைத் தெருவில் நிறுத்தக் கூடாது. நீ இந்த முருங்கைக்கீரையை அந்தப் பக்கமிருந்து ஆய்ந்துகொண்டே வா. நான் ஒன்று சொல்கிறேன். என் பிள்ளைகளுக்குக்கூட இதைச் சொன்னதில்லை.

எங்கள் வீட்டுக்கு டிராக்டர் வந்தது தொண்ணூற்று நாலோ ஐந்தோ. எனக்கு எழுத்துத் தெரியாது, வருஷமெல்லாம் பிள்ளைகளை வைத்துத்தான். பெரியவள் ஆறாம் வகுப்புக்குத் திண்டிவனம் பஸ்ஸில் போக ஆரம்பித்த வருஷம். யாரோ ஓட்டிப் பழசான வண்டி, ஆனால் சிவப்பு மங்காமல் இருந்தது. அது வந்து நின்ற அன்றைக்கு நான் மட்கார்டில் ஏறி உட்கார்ந்து, ஏரிக்கரை வரைக்கும் போய்த் திரும்பினேன். களை வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள். என் ஓர்ப்படி கரையேறி வந்தே பார்த்தாள். கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு சிரிக்கவில்லை.

வண்டி வாங்குவதற்காக உழவு மாடு இரண்டையும் விற்றோம். அதில் வலப்பக்கம் பூட்டுகிற வலத்தான் என் முழங்கையை நக்கும். தவிடு வைக்கக் குனிந்தால் போதும், முதலில் என் கையை நக்கிவிட்டுத்தான் தொட்டியில் வாய் வைக்கும். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன், விடு.

வண்டி ஓட்ட ஓமந்தூர்ப் பக்கத்து ஆள் ஒருவர் வந்தார். முப்பது வயதிருக்கும், இரண்டு பெண் குழந்தைகள். காலையில் சாவி போடுவதற்கு முன்னால் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, குனிந்து அடிப்பக்கம் பார்த்துவிட்டுத்தான் ஏறுவார். என்னை அக்கா என்பார், என் வீட்டுக்காரரை அண்ணே என்பார். சாப்பாடு போட்டால் தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்துவைப்பார்.

மாடு இல்லாத முதல் மாட்டுப் பொங்கல் வந்தது. என் வீட்டுக்காரர் வளவனூரில் நாத்தனார் வீட்டு விருந்துக்குப் போய்விட்டார், மறுநாள்தான் வருவார். டிரைவர் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தார். போகும்போது வண்டியை மோட்டார் கொட்டாய் பக்கத்தில் நிறுத்திவிட்டு, "அக்கா, மேல தண்ணி கிண்ணி ஊத்திடாதீங்க. மாட்டுப் பொங்கலன்னிக்கி மத்தியானம் வந்து நானே ஈரத்துணியில தொடச்சிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். காதில் வாங்கினேன். வாங்கவில்லை என்று இன்றைக்குப் பொய் சொல்லமாட்டேன்.

விடிந்ததும் தெருவில் எல்லார் வீட்டு மாடும் ஏரிக்குப் போகிறது. எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. சந்தையில் கொம்புக்குப் பூசுகிற நீலச் சாயமும் சிவப்புச் சாயமும் பழக்கத்தில் வாங்கிவந்திருந்தேன். வாங்கிய பிறகுதான் கொம்பே இல்லையே என்று ஞாபகம் வந்தது. சரி, உழுகிறது எதுவோ அதுதானே மாடு என்று, மோட்டாரைப் போட்டுக் குழாயை இழுத்துக்கொண்டு வண்டிகிட்டே போய்விட்டேன்.

மாட்டைக் குளிப்பாட்டும்போது கழுத்தில் இருக்கிற பழைய கயிற்றை முதலில் அவிழ்ப்போம், உனக்குத் தெரியும். கயிற்றுக்கு அடியில்தான் அழுக்கும் உண்ணியும் இருக்கும். டிராக்டரில் கயிறு எது என்று பார்த்தேன். கியர் போடுகிற கம்பி அடியில் ஒரு கறுப்பு ரப்பர், உறை மாதிரி சுற்றி இருந்தது. அதன் மடிப்பு மடிப்பாகச் சேறும் மல்லாட்டைத் தோலும், வேர்க்கடலையைத்தான் எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். அதை மேலே தூக்கிவிட்டு, தேங்காய் நாரை வைத்து அந்த இடத்தைத் தேய்தேய் என்று தேய்த்தேன். பிறகு குழாயை அங்கேயே பிடித்தேன். ஊற்ற ஊற்றத் தண்ணீர் தேங்காமல் உள்ளே இறங்கிப்போனது. அடியில் வழி வைத்திருக்கிறான் பார், தண்ணீர் வடிய என்று நினைத்தேன். அப்படி நினைத்துச் சந்தோஷமும் பட்டேன்.

மறுபடி ரப்பரை இறக்கிவிட்டு, மஞ்சள் குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டேன். விளக்கு இரண்டையும் சுற்றி நீலமும் சிவப்பும் பூசினேன். தெருவே வந்து பார்த்தது. மத்தியானம் டிரைவர் வந்தார். ஈரத்தரையைப் பார்த்ததும் முகம் மாறியது. கியர் பக்கம் தண்ணீர் போகவில்லையே என்று கேட்டார். போகவில்லை என்றேன். தண்ணீர் ஊற்றினதை அண்ணனிடம் சொல்லிவிடாதே, நீ துடைத்தாய், மாலையும் சாயமும் மட்டும் நான் என்று சொல்லிக்கொள்கிறேன் என்றேன். ஏனென்றால் என் வீட்டுக்காரர் நான் வண்டியில் கை வைத்தால், பொம்பளைக்கு வண்டியில் என்ன வேலை என்று நாலு பேர் எதிரில் கேட்பார். டிரைவர் சிரித்துக்கொண்டே சரி என்று தலையாட்டினார்.

நாலாம் நாள் மல்லாட்டைக்கு உழவு. காலையில் நன்றாகத்தான் உழுதது. கொஞ்ச நேரத்தில், பின்னால் மாட்டியிருக்கிற கலப்பை மேலே தூக்கமாட்டேன் என்றது. தூக்கினாலும் உதறிக்கொண்டே ஏறும், நிற்காமல் தானாக இறங்கிவிடும். வண்டி அடியிலிருந்து முனகல் வேறு. டிரைவர் உடனே நிறுத்திவிட்டு, எண்ணெய் அளவு பார்க்கிற கம்பியை உருவினார். நான் கூழ் கொண்டுபோன நேரம். கறுந்தேன் நிறத்தில் இருக்க வேண்டிய எண்ணெய் பால் விட்ட டீ மாதிரி வெளுத்து, நுரை கட்டியிருந்தது. கோட்டுக்கு மேலேயும் ஏறியிருந்தது. எனக்கு எழுத்துத்தான் தெரியாது, நிறம் தெரியும். பார்த்தவுடன் அந்தக் குழாயும், உள்ளே இறங்கிய தண்ணீரும் கண் முன்னால் வந்தன.

டிரைவரே போய் என் வீட்டுக்காரரைக் கூட்டிவந்து காட்டினார். மறைக்கிறவர் அப்படிச் செய்வாரா, நீயே சொல். திண்டிவனத்திலிருந்து மெக்கானிக்கும் வந்தார். வெகுநேரம் ஆறவைத்து அடியில் இருக்கிற மரையைக் கழற்றினார். முதலில் தண்ணீர்தான் வந்தது. கையில் பிடித்துப் பார்த்துவிட்டு, "கியருக்கும் லிஃப்ட்டுக்கும் ஒரே எண்ணெய். இவ்ளோ தண்ணி எப்பிடிங்க வரும்? மழையில நின்னுச்சா, யாருனா கழுவுனீங்களா?" என்று கேட்டார். மழை இல்லை, துடைத்தது மட்டும்தான் என்றார் என் வீட்டுக்காரர். நான் சொல்லிவைத்ததைத்தானே அவர் சொல்வார். அதற்குள் வரப்பில் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். அதில் ஒரு பெரியவர், எண்ணெயை இறக்கி விற்றுவிட்டு அளவுக்குத் தண்ணீர் ஊற்றுகிற டிரைவர்கள் இருக்கிறார்கள் என்று பொதுவாகச் சொல்கிற மாதிரி சொன்னார்.

என் வீட்டுக்காரர் டிரைவரைத் திரும்பிப் பார்த்தார். "இன்னாப்பா, எண்ணெய் எங்க போச்சு?"

டிரைவருக்குக் கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டது. அப்போதும் அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. என்னைப் பார்த்து, "அக்கா, நீங்க சொல்லுங்கக்கா" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

பத்துப் பேரும் என்னைப் பார்த்தார்கள். நாலு நாளைக்கு முன்னால் மாலையும் சாயமும் பார்த்து என்னை மெச்சின அதே ஆட்கள். என் ஓர்ப்படியும் நின்றாள். கையில் கூழ்த் தூக்கு. நான் அதன் மூடியைத் திருகிக்கொண்டே சொன்னேன்:

"எனக்கு இன்னா தெரியும் வண்டியப் பத்தி?"

டிரைவர் வாய்க்காலில் மண் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவினார், எண்ணெய் போகிற வரைக்கும். தோள் துண்டில் துடைத்துக்கொண்டார். "சாவி சீட்டு மேல இருக்குதுண்ணே" என்று சொல்லிவிட்டு வரப்போடு நடந்துபோய்விட்டார். நான் கொண்டுபோன கூழ் அவருக்கும் சேர்த்துத்தான். குடிக்கவில்லை.

இதோடு முடிந்திருந்தால்கூட எப்படியோ மறந்திருப்பேன். மெக்கானிக் பழைய எண்ணெய் முழுவதையும் வடித்து, உள்ளே டீசல் ஊற்றி அலசி, புது எண்ணெய் விட்டுக் கொஞ்ச நேரம் ஓட்டச் சொன்னார். அதுவும் வெளுத்துத்தான் வந்தது. அதையும் வடித்துவிட்டு இன்னொரு தடவை ஊற்றினால்தான் போகும், ஈரம் மூலைமுடுக்கில் நிற்கும், இல்லாவிட்டால் பல்லெல்லாம் துரு பிடிக்கும் என்றார். இரண்டு நாள் வண்டி நின்றது. உள்ளே எண்ணெய் வடிகட்டுகிற சல்லடையைக் கழற்றினபோது அதில் என்னவோ மாட்டியிருந்தது. விரலால் எடுத்து வேட்டியில் துடைத்துப் பார்த்தார். தேங்காய் நார். "இது எப்பிடிங்க உள்ள போச்சு?" என்று சிரித்தார்.

என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. அந்த நாரை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். வீட்டுக்கு வந்து அம்மியின் மேல் வைத்தார். "நீயா?" என்றார். ஆமாம் என்றேன். ரப்பரைத் தூக்கினதிலிருந்து எல்லாம் சொன்னேன். அடிப்பார், திட்டுவார் என்று நின்றேன். அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தே இருந்தார். போய் டிரைவரைக் கூட்டிவாருங்கள் என்றேன். பத்துப் பேர் எதிரில் கேட்டுவிட்டு இனிமேல் எந்த முகத்தோடு போவது என்றார். நானும் திரும்பச் சொல்லவில்லை. எனக்கு அது சௌகரியமாக இருந்தது கண்ணு. அதைத்தான் என்னால் இன்றுவரைக்கும் முழுங்க முடியவில்லை. அவர் போகாதது அவர் கௌரவம் என்று வைத்துக்கொண்டேன். என்னுடையதும்தானே அது.

அந்தப் பேர் டிரைவரை விடவில்லை. எண்ணெய் டிரைவர் என்றே பக்கத்து ஊர்களில் சொன்னார்கள். யாரும் வண்டி கொடுக்கவில்லை, குடும்பத்தோடு விழுப்புரம் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். எங்கள் வண்டிக்குப் புது டிரைவர் வந்தார். அந்த வருஷம் மல்லாட்டை நன்றாக விளைந்தது. வேண்டாம், அதைப் பற்றி எதற்கு.

பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து, பெரியவளின் பிரசவத்துக்காக விழுப்புரம் பெரியாஸ்பத்திரியில் இருந்தேன். ஜங்ஷன் பக்கம் போக ஷேர் ஆட்டோவில் ஏறினேன். பின்னால் ஐந்து பேர், எனக்கு முன் சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் இடம். உட்கார்ந்த பிறகுதான் முகத்தைப் பார்த்தேன், அவரேதான். தலை நரைத்திருந்தது. "நல்லா ஒக்காருங்கக்கா" என்றார். அக்கா என்று எல்லாரையும்தான் சொல்வார்கள், அடையாளம் தெரியவில்லை போல என்று நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

வழியெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தேன். பின்னால் ஆட்கள். முன்பு பத்துப் பேர் எதிரில் வாய் மூடினேனே, இப்போது ஐந்து பேர் எதிரில் திறந்தால் என்ன என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஜங்ஷன் வந்துவிட்டது. இறங்கினேன். அவர் முன்னால் பார்த்துக்கொண்டே, மெதுவாகத்தான் கேட்டார், கேலியாகக்கூட இல்லை.

"இப்பல்லாம் வண்டியக் குளிப்பாட்டுறீங்களாக்கா?"

"இல்லப்பா" என்றேன்.

என் பெண்ணுக்குச் சுகப்பிரசவம் ஆகட்டும் என்று அவரே சொன்னார், என் கையில் இருந்த ஆஸ்பத்திரிப் பையில் குழந்தைத் துணியைப் பார்த்து. ஆட்டோ போய்விட்டது. பிறகு நாலைந்து தடவை விழுப்புரம் போயிருக்கிறேன். ஒவ்வொரு ஷேர் ஆட்டோவிலும் முன்னால் குனிந்து பார்த்துவிட்டுத்தான் ஏறுவேன். அவராக இருக்க வேண்டும் என்றா, இருக்கக் கூடாது என்றா, கேட்காதே.

அதோ, பால்காரர் ஹாரன். உன் தூக்கு உன் வாசற்படியில்தானே இருக்கிறது? காலையில் நீ கழுவிக் கவிழ்க்காமல் வைத்திருந்தாய், அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. நான் பார்த்தேன். நேற்றும் பார்த்தேன், சொல்லாமல் இருந்துவிட்டேன். நீ கீரையைக் கொட்டிவிடாமல் பிடி. நான் போய் அதைக் கவிழ்த்துவிட்டு உனக்கும் சேர்த்துப் பால் வாங்கிவருகிறேன்.