சைரனோடு சேர வேண்டிய பாட்டு

"பட்டன அமுக்குனா பாடப் போகுது, இதுக்கு இன்னாம்மா ஒரு மாசமா ரோதன?" போன வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எங்க மேனேஜர் கேட்டது. இப்ப நெனச்சாலும் பத்திக்கினு வருது.

காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுல ஒரு கம்பெனில, வண்டிக்குப் போற ஒயருங்களக் கட்டற லைன்ல இருக்கேன். அண்ணன் சவுண்ட் சர்வீஸ் வெச்சிருக்கறதால டிஜே வேலைய ஊட்லயே கத்துக்கினேன். ஆயுத பூஜைக்கு மிஷினுங்களுக்குப் பொட்டு வெச்சி, மாலை போட்டு, பூசணிக்கா ஒடைப்போம்; பூஜைக்கு முன்னாடியும் பின்னாடியும் ஆட்டம் போடுவோம். அந்த வாட்டி பாட்டு போடற வேலைய எனக்குக் குடுத்தாங்க.

எங்க கம்பெனில இன்னொரு வழக்கம் உண்டு. சைரனுக்கும் சந்தனம் தடவி, கற்பூரம் காட்டறதுக்கு முன்னாடி ஒரு வாட்டி அடிப்பாங்க. அந்த சைரன எங்க லைன்ல ஒருத்திக்கும் புடிக்காது. அது கத்துச்சின்னா வாயில வெச்ச சோத்த முழுங்காம ஓடணும். ஆனா அது மேல ஏறி ஒரு எடத்துல போய் நிக்கும் பாருங்க, அது எந்த சுருதின்னு போன்ல இருக்கற கீபோர்டத் தொட்டுத் தொட்டுக் கண்டுபுடிச்சேன்.

ரெண்டு பாட்டோட தாள அடி ஒண்ணா ஓடினா அதான் மிக்சிங்குன்னு நெனைக்கறாங்க. மண்ணு! ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு சுருதி இருக்கு. சேராத ரெண்ட ஒண்ணுமேல ஒண்ணு வுட்டா, அடி எவ்ளோ சரியா இருந்தாலும் காது கூசும். சேந்துச்சின்னா, எது முடிஞ்சிது எது ஆரம்பிச்சிதுன்னே தெரியாது. டிரான்ஸுன்னு வெளிநாட்டு டிஜே பாட்டு ஒரு வகை இருக்கு, அதுல நடுவுல அடி மொத்தமா நின்னு, நீட்டமா ஒரு இழுப்பு மட்டும் மெதக்கும். சைரன் சுருதிலயே ஒரு டிரான்ஸ் பாட்டத் தேடிப் புடிச்சேன். அந்த இழுப்புல சைரன் வந்து வுழணும், சைரன் அடங்கறப்ப அடி திரும்ப எறங்கணும். அதுக்கு முன்னாடி நாலு பாட்ட, சுருதி தள்ளாம ஒண்ணுலேர்ந்து ஒண்ணா வரிசை கட்டினேன். தெனம் நம்மள வெரட்டற சத்தத்த எங்க கம்பெனி ஆளுங்க ஒரே ஒரு வாட்டி பாட்டா கேக்கணும். அவ்ளோதான் எனக்கு ஆசை.

சைரன் அடிக்கற செக்யூரிட்டி அண்ணன் கிட்ட சொல்லி வெச்சேன். "நான் கை தூக்குனதும் அடிங்கண்ணே." சரிம்மான்னாரு.

பூஜை அன்னிக்கி நாலு பாட்டும் வழுக்கிக்கினு போச்சி. பொம்பளைங்க, ஆம்பளைங்க, கேன்டீன் ஆளுங்க எல்லாம் ஆடறாங்க. டிரான்ஸ் உள்ள வந்தது ஒருத்தருக்கும் தெரியல. அடி நின்னுது. இழுப்பு மெதந்துது. கை தூக்குனேன். செக்யூரிட்டி அண்ணன் சுவிட்சுல கைய வெச்சாரு.

அந்த நேரம் பாத்து மேனேஜர் ஓடியாந்து, என்னைக் கேக்காம, மிக்சர்ல ஸ்பீக்கருக்குப் போற மொத்த சவுண்டையும் எறக்கி வுட்டுட்டாரு. "சாமி காரியம்மா! சைரன் கேக்க வேணாமா?"

சைரன் அடிச்சிது.

ஹெட்போன் என் ஒரு காதுல இருந்துச்சி. அதுல பாட்டு ஓடிக்கினுதான் இருக்கு. ஒரு காதுல பாட்டு, ஒரு காதுல சைரன். சேந்துச்சிங்க! மயிரிழை பிசகல. ஒடம்பெல்லாம் புல்லரிச்சிப் போச்சி, கண்ணுல தண்ணி. எதுக்க முன்னூறு பேரு கை கூப்பிக்கினு நிக்கறாங்க, அவங்களுக்கு அது தெனம் கத்தற அதே சைரன். லைன்ல எனக்குப் பக்கத்து சீட்டுக்காரி கிட்டவே நின்னா. ஹெட்போனக் கழட்டி அவ காதுல வெச்சேன். அதுக்குள்ள சைரன் எறங்கிப் போச்சி.

"இன்னாடி, பாட்டுதான் ஓடுது"ன்னா.

கற்பூரம் காட்டி முடிச்சாங்க. மேனேஜர் நெத்தி நெறய துன்னூறோட வந்தாரு. "இன்னாம்மா மரமாட்டம் நிக்கற? அமுக்கு, பாடட்டும்."

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனைன்னு தொண்ட வரைக்கும் வந்துச்சி. வேலை வேணுமே, முழுங்கினேன். இவருக்கு சுருதி ஒரு கேடான்னு, கைக்குக் கெடச்ச ஒரு குத்துப் பாட்ட எடுத்து, ஓடற டிரான்ஸ் மேல அப்படியே வுட்டு சவுண்ட ஏத்தினேன். ரெண்டும் ஒண்ண ஒண்ணு கடிச்சிக்கினு கத்துச்சி. எனக்கே காது கூசுச்சி.

"ஆங், சூப்பரு! இதான்மா மிக்சிங்கு"ன்னு மேனேஜர் கை தட்டினாரு.